சங்கிலி, சோழி, கல்மரம்: பரங்கிமலையிலிருந்து தஞ்சை வரை

திங்கள், பரங்கிமலை

பரங்கிமலைப் படிகளைக் காலை ஏழு மணிக்குள் ஏறிவிட வேண்டும். அதற்குப் பிறகு தெற்கே கானல் எழும்பிவிடும். சில கிலோமீட்டருக்கு அப்பால் எந்தக் கட்டடத்தின் விளிம்பும் நிலையாக நிற்காது. 1802-இல் இங்கே அளந்தவர்களுக்கும் இந்தக் கானல் பெரிய தொல்லை. உச்சியில் மாதா கோயில் வளாகத்தை ஒட்டி வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. ஜெபிக்க வருபவர்கள் கடந்து போய்விடுவார்கள். இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோணங்களால் கட்டிய அளவைக்கு முதல் கோடு கிழித்த மனிதர் அவர்.

இந்த வாரம் முழுக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் ஆய்வுத் தடத்தில் போகிறோம். நில அளவை, வானியல், ஒலியியல், மொழியியல், புதைபடிவம், மீன், பாம்பு, செடி, கண் மருத்துவம் என்று அத்தனை துறைகளும் சென்னைக்கும் தஞ்சைக்கும் நடுவே உள்ள முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் அடங்குகின்றன. ஒவ்வோர் இடத்திலும் நாங்கள் தேடுவது ஒன்றே: கருவி எங்கே பிசகியது, அந்தப் பிசகை அவர்கள் கண்டுகொண்டார்களா?

முக்கோண அளவையின் அடிப்படை எளிது. ஒரே ஒரு பக்கத்தைத் தரையில் நேராக அளந்துவிட்டால் போதும். மீதிப் பக்கங்கள் எல்லாம் கோணங்களிலிருந்து கணக்கில் வந்துவிடும். அந்த முதல் பக்கம்தான் அடிக்கோடு. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி தொடங்கி மே மாதம் வரை, கிண்டிப் பந்தய மைதானத்தை ஒட்டிய சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கத்துக் குன்று வரை அளந்தார்கள். நீளம் 40,006.44 அடி, அதாவது ஏழரை மைல். மலையுச்சியிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் அந்தத் திசை தெரியும். இன்று அது சதுப்பு நிலமும் அடுக்குமாடிகளும்.

அளந்த சங்கிலி லண்டன் கைவினைஞர் ராம்ஸ்டென் செய்தது. எஃகு, நூறு அடி, இரண்டரை அடிக்கு ஒன்றாக நாற்பது கண்ணிகள். பிரிட்டனின் மெக்கார்ட்னி தூதுக்குழு சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே ஏற்கப்படாமல் திரும்பிவந்த பொருள்களில் இதுவும் ஒன்று. சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்தால் தொய்வும் மேடுபள்ளமும் சேர்ந்து அளவைக் கெடுக்கும். அதனால் இருபது அடி நீள மரத்தொட்டிகள் ஐந்தை வரிசையாக முக்காலிகளின் மேல் வைத்தார்கள். முக்காலிகளில் உயரம் கூட்டவும் குறைக்கவும் திருகாணிகள் உண்டு. தொட்டிகளுக்குள் சங்கிலியைக் கிடத்தி, இழுத்து நிறுத்தி, உள்ளே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு விரிப்புக்கும் வெப்பம் குறித்தார்கள். பிறகு தொட்டிகளை எடுத்து அடுத்த நூறு அடி. இப்படி நானூறு முறை.

வெப்பமானி எதற்கு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு அடி எஃகு ஒரு செல்சியஸ் பாகை சூடேறினால் ஏறத்தாழ 0.35 மி.மீ. நீளும். ஏப்ரல் வெயிலில் ஐந்து பாகை தவறாகக் குறித்தால் ஒரு விரிப்புக்கு 1.75 மி.மீ.; நானூறு விரிப்புக்கு 70 செ.மீ. அடிக்கோட்டில் அவ்வளவு போனால், அதிலிருந்து கட்டப்படும் ஒரு பாகை நீளத்தில் ஆறு மீட்டருக்கு மேல் பிசகும். இன்னொரு எதிரி தேய்மானம். நாற்பது இணைப்புகளும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே முழுக்கோட்டில் பதினாறு அங்குலம் காணாமல் போகும். இதற்காக லாம்ப்டனிடம் இரண்டாவது சங்கிலி ஒன்று இருந்தது. அதை வேலைக்கு எடுக்காமல் ஒப்புநோக்க மட்டும் வைத்திருந்தார். நில அளவைத் துறையில் இன்று வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல.

செவ்வாய், நுங்கம்பாக்கம்

கல்லூரிச் சாலையில் இன்றைய மண்டல வானிலை மையம் இருக்கும் இடம்தான் பழைய மதராஸ் வான்நோக்ககம். 1792-இல் மைக்கேல் டாப்பிங் கட்டியது. கட்டடம் போய்விட்டது, கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் நிற்கிறது. அதில் லத்தீன், தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் கல்வெட்டு. அலுவலக வளாகம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செல்வது நல்லது. 1796 முதலே இங்கு ஒழுங்கான வானிலைக் குறிப்புகள் தொடங்கிவிட்டன. அது இன்றுவரை பயன்படும் சொத்து.

வானியலர் ஜான் கோல்டிங்ஹாம் இங்கே செய்த ஒலிவேகச் சோதனை எங்களுக்கு மிகவும் பிடித்தது. புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலைப் படைமுகாமிலும் நேரத்துக்குச் சுடும் பீரங்கிகளே போதுமாக இருந்தன. வான்நோக்ககத்திலிருந்து மலைப் பீரங்கி 29,547 அடி; கோட்டைப் பீரங்கி 13,932 அடி. பளிச்சென்று தீ தெரிந்ததும் காலமானியின் துடிப்பை எண்ணத் தொடங்கி, ஓசை வந்ததும் நிறுத்த வேண்டும். மலையிலிருந்து ஓசை வர ஏறத்தாழ 26 நொடி, கோட்டையிலிருந்து 12 நொடி. கூடவே வெப்பம், காற்றழுத்தம், ஈரம், காற்றின் திசை எல்லாவற்றையும் எழுதினார்கள். 1820-21 வாக்கில் மாதக்கணக்கில் எடுத்த அளவீடுகள் 1823-இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தன.

எண்ணிக்கையில் 0.2 நொடி தவறினால் மலைக் கணக்கில் நொடிக்கு ஒன்பது அடி பிசகும். கோட்டைக் கணக்கில் அதைப் போல இரு மடங்கு. ஆக நெடுந்தொலைவுப் பீரங்கிதான் நம்பகமானது. ஆனால் தொலைவு கூடினால் வழியில் காற்று ஒரே மாதிரி இருக்காது. மாதச் சராசரிகளைப் பாருங்கள்: ஜனவரியில் நொடிக்குச் சுமார் 1,100 அடி, ஜூலையில் 1,160-ஐ ஒட்டி. இரு மாதங்களுக்கும் வெப்ப வேறுபாடு நான்கு பாகை செல்சியஸ். அது விளக்குவது எட்டு ஒன்பது அடிதான். மீதி எங்கிருந்து வந்தது? பரங்கிமலை வான்நோக்ககத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஜூலையில் தென்மேற்குக் காற்று ஓசையைத் தள்ளிக்கொண்டு வரும். ஜனவரியில் வடகிழக்குக் காற்று எதிர்த்து நிற்கும். மீதியில் பெரும்பங்கு காற்றினுடையது என்றே நாங்கள் கருதுகிறோம். இதற்கு மருந்து, இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் சுட்டு இரண்டின் சராசரியை எடுப்பது. 1822-இல் பாரிஸ் அருகிலும் 1823-இல் ஹாலந்திலும் அப்படித்தான் செய்தார்கள். கோல்டிங்ஹாமின் பெருமை வேறு: காற்றையும் ஈரத்தையும் நாள்தோறும் பதிந்து வைத்ததால், இருநூறு ஆண்டு கழித்தும் பிழையின் மூலத்தைத் தேட முடிகிறது.

தீர்க்கரேகைக் கதை இவ்வளவு நன்றாக முடியவில்லை. வியாழனின் நிலவுகள் நிழலுக்குள் மறையும் நேரத்தை இங்கேயும் ஐரோப்பாவிலும் குறித்து, இரு நேரங்களின் வேறுபாட்டிலிருந்து தீர்க்கரேகையைக் கணக்கிட்டார்கள். நிலவு சட்டென்று அணைவதில்லை, மெல்ல மங்கும். பெரிய தொலைநோக்கியில் கடைசி ஒளி நீடிக்கும். சிறியதில் முன்பே போய்விடும். நேரத்தில் நான்கு நொடி தவறினால் வரைபடத்தில் ஒரு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), இந்த அட்சரேகையில் 1.8 கிலோமீட்டர். கோல்டிங்ஹாமுக்குக் கிடைத்தது 80 பாகை 18 கலை 30 விகலை; கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. அவருக்குப் பதிலாக 1805 முதல் பொறுப்பேற்ற ஜான் வாரன் அதை 80 பாகை 17 கலை 21 விகலையாகத் திருத்தினார். இந்திய நில அளவை அந்த எண்ணையே பிடித்துக்கொண்டது. தந்திக்கம்பி வந்து நேரத்தை உடனுக்குடன் ஒப்பிட முடிந்த பிறகுதான் அந்த எண்ணும் 2 கலை 27 விகலை அதிகம் என்று உறுதியானது. அதுவரை இந்திய வரைபடங்கள் முழுவதும் நாலரைக் கிலோமீட்டர் அளவுக்குக் கிழக்கே தள்ளியே அச்சாயின. உள்ளூர்த் தொலைவுகளுக்கு இதனால் கெடுதல் இல்லை; நாடே ஒன்றாக நகர்ந்திருந்தது.

அதே சாலையில் இன்று கல்வித்துறை வளாகம் இருக்குமிடம் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கிய இடம். 1812-இல் தொடங்கியது. இங்கே கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி எல்லிஸ் செய்ததை மொழியியலின் சோதனைச்சாலை வேலை என்றே சொல்ல வேண்டும். தெலுங்கு சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தது என்பது அன்றைய அறிஞர்களின் பொதுநம்பிக்கை. எல்லிஸ் வினையடிகளைப் பத்திபத்தியாக அடுக்கினார். சமஸ்கிருதத் தாதுக்கள் ஒரு பக்கம், தெலுங்கு, கன்னட, தமிழ் அடிகள் மறுபக்கம். கடன்சொற்களைத் தனியே கழித்தார். மிஞ்சிய அடிகள் தென்மொழிகளுக்குள் பொருந்தின, வடமொழியோடு பொருந்தவில்லை. கல்லூரியின் தலைமை ஆசிரியர் பட்டாபிராம சாஸ்திரி தொகுத்த தெலுங்கு வேர்ப்பட்டியல் இல்லாமல் இது நடந்திருக்காது. 1816-இல் ஒரு தெலுங்கு இலக்கணத்தின் முன்குறிப்பாக வெளியானது. கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டு முன்பே.

இதே எல்லிஸ் அம்மை குத்துவதற்காகத் தமிழில் எழுதியவர். பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால், அதாவது பசு அம்மைக் கொப்புளத்து நீர், 1802 ஜூனில் பம்பாய்க்கு வந்துசேர்ந்தது. வழி வியன்னா, கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பாஸ்ரா. நூலில் உலர்த்திக் கொண்டுவந்த பால் வெப்பத்தில் வீரியம் இழந்தது. நம்பகமான முறை குழந்தைக்குக் குழந்தை மாற்றுவதுதான். குத்தி ஏறத்தாழ எட்டாம் நாள் கொப்புளத்துப் பாலை எடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்த வேண்டும். முன்னே எடுத்தால் போதாது, பின்னே எடுத்தால் சீழ். அடுத்த வாரத்துக்குக் குழந்தை கிடைக்காவிட்டால் தொடர் அறுந்து, வேறோர் ஊரிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் இங்கே மருந்தைக் காப்பாற்றும் வழியாகவும் இருந்தது.

புதன், திருவக்கரை

திண்டிவனம் புதுச்சேரிச் சாலையிலிருந்து மேற்கே பிரிந்து வரவேண்டும். பௌர்ணமியன்று வக்ரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் நெரியும்; கல்மரம் பார்க்க வருபவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வேலிக்குள் செம்மண்ணில் பெரிய பெரிய அடிமரங்கள் கிடக்கின்றன. இரண்டு கோடி ஆண்டு அளவுக்கு முந்தியவை என்று கணிக்கிறார்கள். ஊரில் இவை காளி வதைத்த அரக்கனின் எலும்புகள் என்பார்கள்.

பிரெஞ்சுப் பயணி சோனரா 1781-இல் இவற்றைக் குறித்தார். பிறகு வான்நோக்ககத்து வாரன் இங்கே வந்து எழுதிய கட்டுரை 1810-இல் வெளியானது. கிரகணம் பார்ப்பவர், கோலாரில் ஊர்மக்கள் மண் அலசிப் பொன் எடுப்பதை முதலில் அறிக்கையிட்டவர், இங்கே கல்மரத்தை ஆராய்கிறார். அன்று இது வியப்புக்குரியதல்ல. அளவைக்காக ஊர் ஊராகப் போகிற ஆள் கண்ணில் பட்ட எல்லாவற்றையும் எழுதுவது பணியின் பகுதி.

ஒரு கல் மரமா இல்லையா என்பதை அன்றைய கைப்பெட்டிச் சாமான்களால் எப்படித் தீர்மானிப்பது? எஃகால் தட்டினால் பொறி பறக்கிறதா, கண்ணாடியில் கீறு விழுகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் ஆம் என்றால் சிலிகா. ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைக்கிறதா? நுரைத்தால் சுண்ணாம்பு, இங்கே நுரைக்காது. காற்றிலும் நீரிலும் நிறுத்து ஒப்பு அடர்த்தி பார்த்தால் இரண்டரைக்கு மேல் வரும். எந்த மரமும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. பிறகு குறுக்கே உடைந்த முகத்தை நனைத்து உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். உலர்ந்த முகத்தில் மறைந்திருக்கும் நார்களும் துளைகளும் நீர் பட்டதும் தெளியும். நிலத்தடி நீரில் கரைந்த சிலிகா மரத்தின் செல்களுக்குள் படிந்து, மரப்பொருள் அழியுமுன் அச்சு எடுத்துவிடுவதால்தான் இந்த நுணுக்கம் மிஞ்சுகிறது. பல துண்டுகளில் ஆண்டு வளையம் தெளிவாக இல்லை. குளிர்காலம் வந்து வளர்ச்சி நிற்காத தட்பவெப்பத்தில் நின்ற மரங்கள் என்பதற்கு அது சான்று. வேர்களும் கிளைகளும் காணோம், அடிமரங்கள் கிடந்தவாக்கில் இருக்கின்றன. ஆகவே வேறிடத்தில் வளர்ந்து வெள்ளத்தில் வந்து புதைந்தவை.

துண்டு பொறுக்கிப் பையில் போடுவது சட்டப்படி குற்றம். வேலிக்கு வெளியே கிடப்பதையும் தொட வேண்டாம்.

வியாழன், புதுச்சேரி, திருவந்திபுரம்

வாரன் கடைசிக் காலத்தில் புதுச்சேரியில் தங்கி 1830-இல் அங்கேயே இறந்தார். இந்தியக் காலக்கணக்குகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1825-இல் மதராஸ் கல்லூரி அச்சகத்தில் வந்தது. அதற்காக அவர் செய்த ஒரு காரியம் இந்தப் பயணம் முழுவதிலும் எங்களுக்கு முதன்மையானது. புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டார். கணிதரிடம் ஏடு இல்லை, எழுத்தாணி இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் நகர்த்தியும் கணக்கு ஓடியது. அட்டவணைகள் எல்லாம் நாவில்.

அதுதான் வாக்கிய முறை. சந்திரன் பூமிக்கு நெருங்கி விலகும் சுற்று 27.55 நாள்; ஒன்பது சுற்று கிட்டத்தட்ட 248 நாளுக்குச் சரியாக வரும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் அன்றைய சந்திரன் நகர்ந்த தொலைவைக் கடபயாதி முறையில், எண்ணுக்குப் பதில் எழுத்தாக, ஒளித்துவைத்த சொற்றொடர். முதல் வாக்கியம் ‘கீர்ந ச்ரேய’. க வரிசையில் மூன்றாம் எழுத்துக்கு 3, ந-வுக்கு 0, கூட்டெழுத்தில் கடைசி மெய்யான ர-வுக்கு 2, ய-வுக்கு 1. வலமிருந்து இடமாகப் படித்தால் 1203, அதாவது 12 பாகை 3 கலை. 248 நாளில் மிஞ்சும் சிறு பிசகைச் சரிசெய்ய 3,031 நாள், 12,372 நாள் என்ற பெரிய சுற்றுகள் உண்டு. கலி முதல் சென்ற நாள்களைப் பெரிய சுற்றால் முதலில் வகுத்து, மீதியைச் சிறியதால் வகுத்து, கடைசி மீதிக்கான வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் எங்கே என்று தெரிந்துவிடும்.

வந்த விடைக்கும் நடந்த கிரகணத்துக்கும் வேறுபாடு: தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொடக்கம் பொருந்தி முடிவு விலகுகிறது என்றால், பிழையின் பெரும்பகுதி கிரகணத்தின் கால நீளத்தில் இருக்கிறது. கால நீளம் சந்திரன் கிரகணப் பாதையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, நிழல் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. இந்த எண்களை வாரன் அப்படியே பதிந்தார். புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டில் ஓட்டோ நாய்கெபாவர் போன்ற வரலாற்றறிஞர்கள் தென்னிந்திய வானியலைப் பாபிலோனியக் கணக்குகளோடு ஒப்பிட இந்தப் பதிவு உதவியது. கணிதரின் வாய்ப்பாடு அன்று எழுதப்படாமல் போயிருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு இடமே இருந்திருக்காது.

மாலையில் கடலூரை அடுத்த திருவந்திபுரம். பூமியின் வளைவை அறிய லாம்ப்டன் வடக்கு தெற்காக அளந்த முதல் சிறு வில் இங்கே முடிகிறது. வட முனை சென்னை அட்சரேகைக்குச் சற்று வடக்கே. இரு முனைகளிலும் ஐந்தடி உச்சிமானியால் தலைக்கு நேர் மேலே கடக்கும் விண்மீன்களை அளந்தார்கள். உச்சிக்கு அருகே பார்ப்பதற்குக் காரணம், அங்கே வளிமண்டலம் ஒளியை ஏறக்குறைய வளைப்பதில்லை. இரு முனைகளுக்கும் கோண வேறுபாடு 1 பாகை 34 கலை 56 விகலை. தரைத் தொலைவு முக்கோணங்களிலிருந்து வந்தது. ஒன்றை ஒன்றால் வகுத்து, ஒரு பாகைக்கு 60,494 பாகம் என்றார். பாகத்துக்கு ஆறு அடி, மீட்டரில் 110.63 கி.மீ. இன்றைய செயற்கைக்கோள் அளவோடு ஒப்பிட்டால் வேறுபாடு சில மீட்டர்தான். மரத்தொட்டியில் வைத்த வெப்பமானிகளின் பலன் இங்கே தெரிகிறது.

வெள்ளி, தரங்கம்பாடி

1792-இல் கட்டிய நகர வாசல் வழியாக ராஜ வீதிக்குள் நுழைந்தால் டேனிஷ் ஊர் அப்படியே நிற்கிறது. 1845 வரை டென்மார்க்கின் கையில் இருந்தது. மிஷன் பாதிரிமார்கள் ஜான், ராட்லர், மருத்துவர் கிளைன் ஆகியோர் இந்த வீதிகளில் இருந்துகொண்டே ஐரோப்பிய அருங்காட்சியகங்களை நிரப்பினார்கள்.

ஜான் மீன்களை பெர்லினிலிருந்த மார்கஸ் பிளாக்குக்கு அனுப்பினார். சாராயத்தில் ஊறவைத்த மீன் ஆறேழு மாதக் கடற்பயணத்தில் என்ன ஆகும் என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியும். முதலில் நிறம் போகும். பிறகு மூடி வழியே சாராயம் ஆவியாகும், மேலே நிற்கும் மீன் அழுகும். ஆகவே பிடித்த அன்றே நிறத்தோடு படம் வரைய வேண்டும். வயிற்றைக் கீறிச் சாராயம் உள்ளே போகவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சாராயத்தை மாற்ற வேண்டும், ஏனென்றால் மீனின் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். இவ்வளவும் செய்து போய்ச்சேர்ந்தவற்றால் பிளாக் கத்தாழை மீன் இனத்துக்கு ஜானியஸ் என்று பெயரிட்டார். நாம் இருதலை மணியன் என்னும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் 1801 முதல் ஜான் இருக்கிறார்.

டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி 1791 நவம்பரில் இவ்வூருக்கு அருகே, குளக்கரைப் பனைமரத்தில் மழைநீர் வழிந்த தடத்தில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். 1797-இல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் வந்தது. நமக்குப் பனையேறிக் கெண்டை. செவுள் மூடியின் முட்களை ஊன்றி, வாலை அசைத்து நகர்கிறது என்ற அவர் விவரிப்பு சரி. தரையில் அது அப்படித்தான் நகர்கிறது. செவுளுக்கு மேலுள்ள மடிப்பான உறுப்பால் காற்றையும் சுவாசிக்கிறது. மரமேறுவதை மட்டும் பின்வந்தவர்கள் யாரும் ஐயமறக் காட்டவில்லை. ஒரே ஒரு முறை கண்டதை உயரம், மாதம், மரம் என்று குறித்து எழுதியது அவர் செய்த நல்ல காரியம்.

செடிகளின் கதையில் எங்களுக்குக் குறை ஒன்று உண்டு. உலர்த்தும் வேலையைத் திறமையாகச் செய்தார்கள். கடற்கரை ஈரத்தில் தாளை நாள்தோறும் மாற்றாவிட்டால் மூன்றாம் நாள் பூஞ்சணம் பூக்கும்; சதைப்பற்றுள்ள செடியைக் கொதிநீரில் முக்கி எடுக்காவிட்டால் அழுத்தத்துக்குள்ளேயே துளிர்க்கும். ஆனால் ஒரே செடியின் பிரதிகள் பெர்லினுக்கும் கோபன்ஹேகனுக்கும் லண்டனுக்கும் போயின. ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் பெயர் வைத்தார். பல தாள்களில் இடம் என்ற பகுதியில் கிழக்கிந்தியா என்பதோடு சரி. எந்த ஏரிக்கரை, எந்த மாதம் என்று இல்லாத தாள், பெயருக்குப் பயன்படும். அந்தச் செடி இன்று எங்கே மறைந்தது என்று தேட உதவாது.

சனி, தஞ்சை அரண்மனை

சரசுவதி மகால் காட்சிக்கூடம் சிறியது. அரைமணியில் முடித்துவிடலாம் என்று நினைத்து வராதீர்கள். இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை தஞ்சையில் இருந்தார். ஆட்சியதிகாரம் கும்பினியிடம் போன பிறகு கோட்டைக்குள் மிஞ்சிய வாழ்க்கையைப் படிப்புக்குக் கொடுத்தார். 1805-இல் தேவநாகரி எழுத்துகளோடு அச்சகம் வைத்தார். 1820 முதல் 1822 வரை காசி யாத்திரையில் சுவடிகள் சேர்த்தார். 1826-இல் வந்த பிஷப் ஹீபர், மன்னர் லவாய்சியரையும் லின்னேயஸையும் பஃபோனையும் சரளமாக மேற்கோள் காட்டுகிறார் என்று எழுதினார்.

முக்கியமானவை கண் நோயாளிகளின் குறிப்பேடுகள். நோயாளியின் முறையீடு, கொடுத்த சிகிச்சை, அதனோடு நோயுற்ற கண்ணின் வண்ணப்படம். புகைப்படத்துக்கு முந்திய காலத்தில் ஒரு நோயை மறுமுறை பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. அன்று கண்புரைக்கு இரண்டு வழிகள். ஊசியை வெண்விழியோரம் செலுத்தி, மங்கிய வில்லையைக் கண்ணின் அடிப்பகுதிக்குத் தள்ளிவிடுவது ஒன்று. நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்தது. நொடியில் வெளிச்சம் தெரியும். சில மாதத்தில் வில்லை மேலெழும்பலாம். அல்லது அழற்சியும் கண் அழுத்தமும் வந்து பார்வை ஒரேயடியாகப் போகலாம். மற்றது கருவிழியைக் கீறி வில்லையை வெளியே எடுப்பது. தையல் இல்லாத காலம் என்பதால் நோயாளி இருமினாலே காயம் பிளக்கும். எந்த வழி மேல் என்பதற்குச் சிகிச்சை முடிந்த நாளின் குறிப்பு போதாது. ஒரே நோயாளியைப் பின்னாளிலும் பார்த்து எழுதினால்தான் விடை கிடைக்கும். எழுதி வைக்கும் பழக்கத்தைத் தஞ்சையில் தொடங்கியதே பெரிய அடி.

தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி, ஐரோப்பிய மருத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அங்கே பயன்பட்ட மருந்து முறைகள் பிறகு தமிழ்ப் பாடல்களாகத் தொகுக்கப்பட்டன.

ஞாயிறு, பெரிய கோயில்

விமானத்தை வடமேற்கு மூலையிலிருந்து, கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்க்க வேண்டும். 1808-இல் இதன் உச்சிக்கு கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை ஏற்ற முயன்றார்கள்.

காவிரிப் படுகையில் குன்று கிடையாது. தென்னையும் மூங்கிலும் பார்வையை மறைக்கும். கோபுரங்களே நிலையங்கள். கருவி லண்டன் வில்லியம் கேரி செய்தது. கிடைவட்டம் முப்பத்தாறு அங்குலம், நிலைவட்டம் பதினெட்டு. வரும் வழியிலேயே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு பெருந்தன்மையோடு திருப்பி அனுப்பினார்கள். விமானத்தின் மேல் கயிறும் கப்பியும் கட்டி இழுக்கும்போது, சுவரில் மோதாமல் விலக்கிப் பிடித்த கயிறு அறுந்தது. கருவி சுவரில் அடித்தது. பிடிதிருகு பட்ட இடத்தில் வட்டம் நெளிந்தது.

அந்த வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது இரண்டு மைக்ரானுக்குச் சற்று அதிகம். ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் ஒரு விகலை கால் மீட்டர் ஆகும். நெளிவு கண்ணுக்கே தெரிந்தது என்றால் எத்தனை நூறு விகலை போயிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கருவிக்குச் சொல்லியனுப்பினால் வருடக்கணக்கு. லாம்ப்டன் கூடாரத்துக்குள் படைக்கலச் சாலைத் தலைமைக் கைவினைஞர்களோடு புகுந்து கதவை அடைத்தார். கருவியை முழுக்கப் பிரித்தார். பெரிய சமமான பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து வெட்டினார். ஆப்பு, திருகு, கப்பி கொண்டு வட்டத்தைச் சிறிது சிறிதாக இழுத்து அந்த வரைவோடு பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களை மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். இரும்புச் சுத்தி பித்தளையை நீட்டிவிடும், மரம் நீட்டாது. ஆறு வாரம் ஆயிற்று.

இப்படிச் சீர்செய்த வட்டத்தை நம்பலாமா என்பதற்கு இரண்டு சோதனைகள். முதலாவது முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டுவது. பூமி வளைந்திருப்பதால் 180 பாகைக்குச் சற்று மிகும். பக்கம் ஐம்பது கிலோமீட்டர் கொண்ட முக்கோணத்தில் ஐந்தரை விகலை. அதற்கு மேல் மிஞ்சுவது பிழை. வட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள நுண்ணோக்கிகளைப் படித்துச் சராசரி எடுத்தால் மையம் விலகியதால் வரும் பிழை நீங்கும். நீள்வட்டமாக நெளிந்ததால் வருவது முழுதும் நீங்காது. அதற்கு வட்டத்தின் வெவ்வேறு இடங்களில் தொடங்கி ஒரே கோணத்தைப் பலமுறை அளக்க வேண்டும். ஒரு கோணத்துக்கு ஒரு நாளே போகும்.

இரண்டாவது சோதனை தரையில். முக்கோணங்கள் தெற்கே போய்ச் சேருமிடத்தில் மறுபடியும் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட வேண்டும். 1804-இல் பெங்களூர் அருகே இப்படி ஒப்பிட்டபோது வேறுபாடு நாலு அங்குலத்துக்குள் இருந்தது. தஞ்சையில் நிமிர்த்திய வட்டத்துக்கான அடிக்கோடு 1809-இல் பாளையங்கோட்டை அருகே அளக்கப்பட்டது. அதே முக்கோண வரிசையின் தென்முனை நிலையம் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், புன்னை.